சத்தம் வராத அழைப்பு

போனில் சத்தமே வரவில்லை என்று ஒரு வாடிக்கையாளர் கூப்பிட்டுச் சொன்னால் நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள்? மடிக்கணினியைத் திறப்பீர்கள். செட்டிங்ஸுக்குள் போவீர்கள். எதையாவது ஒன்றை மாற்றிவிட்டு, "இப்போ பாருங்க சார்" என்பீர்கள். நானும் அப்படித்தான் செய்துவந்தேன். பெரும்பாலும் அது பலிக்கவும் செய்யும். அதுவே வினையாகிப்போன ஒரு நாளைப் பற்றி, இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். நான் இந்தத் தொழிலுக்குப் படித்து வந்தவள் இல்லை. ஒரு நூற்பாலையில் டெலிபோன் போர்டில் உட்கார்ந்து, வருகிற அழைப்புகளை உள்ளே மாற்றிக் கொடுக்கிற வேலையில்தான் தொடங்கினேன். பிறகு அதே போர்டுகளை நிறுவும் கம்பெனிக்கு வந்தேன். கம்பி போய் இணையம் வந்தபோது, வயதில் இளையவர்களோடு உட்கார்ந்து அதையும் கற்றுக்கொண்டேன். ஓய்வு பெறும்வரை கோவையிலும் சுற்றுவட்டாரத்திலும் இணையத் தொலைபேசி நிறுவுவதுதான் என் வேலை. அதை விற்கும்போது நீங்கள் இன்று சொல்வதையெல்லாம் நானும் சொல்லியிருக்கிறேன். செலவு குறையும், ஊர் மாறினாலும் எண் மாறாது, வெள்ளகோவிலில் இருக்கும் குடோனும் துடியலூரில் இருக்கும் ஆபீஸும் பக்கத்து அறைகள்போலப் பேசிக்கொள்ளலாம், கடல் தாண்டி இருப்பவரின் முகத்தையும் பார்க்கலாம். எல்லாம் உண்மைதான். ஆனால் இந்தத் தொழில்நுட்பம் மனிதருக்கு என்ன செய்யும் என்பது எனக்குப் புரிந்தது அந்த ஒரு நாளில்தான்.

துடியலூருக்கு அப்பால் ஒரு பம்புசெட் தொழிற்சாலை. முதலாளியின் பெயரைத் தங்கவேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோட்டம் துரவு உள்ள குடும்பத்திலிருந்து வந்து, சின்னப் பட்டறையாக ஆரம்பித்ததைப் பெரிதாக்கியவர். குரலை உயர்த்தத் தயங்காதவர். உயர்த்தும்போதும் 'ங்க' போடாமல் பேசத் தெரியாதவர். இணையத் தொலைபேசிக்கு அவர் வந்ததற்கு மூன்று காரணங்கள் இருந்தன. வெள்ளகோவில் குடோன் ஒன்று. ஊர் ஊராகச் சுற்றும் சர்வீஸ் மெக்கானிக்குகளுக்கு ஆபீஸ் அழைப்பு நேராகப் போக வேண்டும் என்பது இன்னொன்று. மூன்றாவதுதான் முக்கியம்: வெளிநாட்டில் ஒரு பெரிய வியாபாரி இவர்கள் பம்பை வாங்க ஆர்வம் காட்டியிருந்தார். அவரோடு முகம் பார்த்துப் பேச, தங்கவேல் மீட்டிங் அறையில் பெரிய திரையும் கேமராவும் வைக்கச் சொல்லியிருந்தார். பழைய இணைப்பிலிருந்து புதியதற்கு மாறும் நாளையும் அந்த வியாபாரி பேசவிருந்த நாளிலேயே வைத்துவிட்டார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "எல்லாம் ஒரே நாள்ல முடிஞ்சுரட்டுமுங்க" என்றார்.

ரிசப்ஷனில் நிவேதா என்ற பெண் இருந்தாள். வேலைக்கு வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அவளுக்கு முன்பு பல வருடங்களாகப் போர்டில் இருந்த ஓர் அம்மா ஓய்வு பெற்றுப் போய்விட்டார்.

புதிய இணைப்புக்கு மாறிய அன்று காலை முதல் புகார் நிவேதாவிடமிருந்து வந்தது. "மேடம், தோட்டத்துல இருந்து பேசறவங்க எல்லாம் மோட்டார் பக்கத்துலயே நின்னு பேசறாங்க. அவங்க சொல்றது ஒண்ணும் புரியலீங்க." இதற்கெல்லாம் புதிய முறையில் வசதி இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னேன். வருகிற அழைப்பில் போனருகே பேசுபவரின் குரலைத் தவிர மற்ற ஓசைகளையெல்லாம் வடிகட்டிவிடும் வசதி. அதை இயக்கிவிட்டேன். அடுத்து ஒரு விவசாயி பேசினார். அவர் வானொலி நிலையத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலக் குரல் தெளிவாக வந்தது. நிவேதா என்னை நிமிர்ந்து பார்த்து, "சூப்பருங்க மேடம்" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து அடுத்த புகார் வந்தது. "மேடம், பிளாங்க் கால் வருதுங்க. எடுத்தா ஒரு சத்தமுமில்ல. ஹலோ ஹலோன்னு கத்திப்போட்டு வெச்சுட்டேன்."

இணையத் தொலைபேசியில் இது வழக்கமான நோய். ஒரு பக்கத்துக் குரல் மறுபக்கம் போய்ச் சேராது. எங்கே அடைத்திருக்கிறது என்று தேடினேன். எதுவும் தென்படவில்லை. அதற்குள் மறுபடியும் ஒரு வெற்று அழைப்பு. அவள் வைத்தாள். மறுபடியும் வந்தது.

தங்கவேல் அந்தப் பக்கமாக வந்தபோது நிவேதா அப்படியொரு அழைப்பைத் துண்டித்துக்கொண்டிருந்தாள். என்ன என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் முகம் மாறியது.

"ஏனுங்க மேடம், பழைய போர்டு இருந்தப்ப இப்படியொரு சங்கடமில்லீங்களே."

"பாத்துட்டு இருக்கேன் சார்."

"பாத்துட்டே இருந்தா எப்படீங்க? இன்னுங் கொஞ்ச நேரத்துல அந்தப் பார்ட்டி லைனுக்கு வந்துருவாங்க. அவங்க முன்னாடி ஊமை மாதிரி உக்காந்திருக்கச் சொல்றீங்களா? பழைய லைனையே மாட்டிக் குடுத்துருங். இதைய இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாம்."

அவர் சொன்னதைச் செய்வது எனக்குச் சுலபம். பழைய கம்பிகள் இன்னும் கழற்றப்படாமல் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தன. எல்லாவற்றையும் நிறுத்தி, பழையதில் கோத்துவிட்டால் என் தலைவலி தீரும். வாடிக்கையாளர் கேட்டதைச் செய்தேன் என்று கம்பெனியிலும் சொல்லிக்கொள்ளலாம். கை சுவிட்சுவரை போய்விட்டது.

அந்த நேரம் நிவேதா, "மறுபடியும் அதே நம்பருங்க" என்றாள்.

அதே நம்பர் என்ற சொல்தான் என்னை நிறுத்தியது. கோளாறு எங்களுடையது என்றால் எல்லா எண்ணிலும் அல்லவா வர வேண்டும்? இடையில் பேசிய விவசாயிகள், குடோன்காரர், லாரி ஆபீஸ்காரர் எல்லோருடைய குரலும் தெளிவாகத்தானே கேட்டது?

நிவேதாவிடம் ஒன்று கேட்டேன். "இந்த அழைப்பை எப்பவும் நீதான் வைக்கிறியா, இல்ல அவங்களே வெச்சுடறாங்களா?"

அவள் யோசித்தாள். "நாந்தானுங்க வைக்கிறேன். அவங்க வைக்கறதே இல்லீங்க."

போர்டில் உட்கார்ந்து கழித்த வருடங்கள் எனக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்திருந்தன. எதிர்முனை கேட்காவிட்டால் மனிதர்கள் ஹலோ ஹலோ என்று இரண்டு முறை கத்துவார்கள். எரிச்சலோடு வைத்துவிட்டு மறுபடி அடிப்பார்கள். பதிலே இல்லாத போனைக் காதில் வைத்துக்கொண்டு யாரும் அவ்வளவு நேரம் காத்திருக்க மாட்டார்கள். இவர் காத்திருக்கிறார். அப்படியானால் இவர் பதிலை எதிர்பார்த்துப் போன் செய்யவில்லை. நமக்கு எதையோ சொல்லிக்கொண்டிருக்கிறார். அது நமக்குத்தான் வந்து சேரவில்லை.

"வெச்சுடாதே கண்ணு" என்று சொல்லி, ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். அறையில் அமைதி. மூச்சு விடும் ஓசைகூட இல்லாத, துடைத்துவிட்டதுபோன்ற அமைதி. அதைக் கேட்டதும்தான் எனக்கு உறைத்தது. எந்த மனிதர் இருக்கும் இடமும் அவ்வளவு அமைதியாக இருக்காது. காலையில் நான் இயக்கிய வடிகட்டி எதையோ தின்றுகொண்டிருந்தது. அழைப்பு இருக்கும்போதே அதை நிறுத்தினேன்.

டொக், டொக், டொக்.

ஒரு சின்ன இடைவெளி. மறுபடியும் டொக், டொக், டொக். யாரோ போனின் முதுகில் விரல் நகத்தால் தட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்கும் பின்னால், எட்டத்தில், ஒரு பெண்ணின் குரல்: "கையக் குடுங்கம்மா, ஒண்ணுமில்ல, பயப்படாதீங்க."

நானும் நிவேதாவும் ஒருவரையொருவர் பார்த்தோம். அதுவரை பொறுமையில்லாமல் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த தங்கவேல் ஓரடி முன்னால் வந்தார்.

"அட" என்றார் மெதுவாக. "இது நம்ம செல்வராசு சம்சாரமுங்க."

செல்வராஜ் அங்கே கணினியால் இயங்கும் சி.என்.சி. இயந்திரப் பிரிவில் வேலை செய்பவர். பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. மனைவி கலாமணிக்கும் அப்படியே. உக்கடத்தில் வீடு. கலாமணி வீட்டிலிருந்தே துணி தைப்பவர்; ஒரு பெண் குழந்தை. இருவரும் செல்போனில் முகம் பார்த்துச் சைகையில் பேசிக்கொள்வார்கள். ஆனால் தொழிற்சாலைக்குள் செல்போன் கூடாது. ஓடும் இயந்திரத்துக்கு முன்னால் போனைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவருடைய கை மாட்டிக்கொண்ட பிறகு தங்கவேல் போட்ட சட்டம் அது. எல்லோரும் வாசலில் உள்ள பெட்டியில் போனை வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். அதனால் கலாமணி, முன்பு போர்டில் இருந்த அம்மாவோடு ஓர் ஏற்பாடு செய்துவைத்திருந்தார். அவசரம் என்றால் ஆபீஸுக்கு அடித்து, மூன்று மூன்றாகத் தட்டுவார். அந்த அம்மா ஆளனுப்பி, வாசல் பெட்டியில் உள்ள போனைப் போய்ப் பார்க்கும்படி செல்வராஜிடம் சொல்லச் சொல்வார். எப்போதோ ஒருமுறைதான் அப்படி வரும் என்பதால், ஓய்வு பெற்றபோது இதை யாரிடமும் சொல்லிவைக்க அவருக்குத் தோன்றவில்லை. அந்தத் தட்டலைக் கேட்டு அந்த அம்மா ஆளைத் தேடி ஓடியதை ஒருமுறை பார்த்திருந்ததால்தான் தங்கவேலுக்கும் தெரிந்திருந்தது.

பேச்சை மட்டும் உள்ளே விட்டு மற்ற எல்லா ஓசையையும் குப்பை என்று தள்ளுகிற கருவியை நான் வைத்திருந்தேன். ஒரு பெண்ணின் குரலே அந்தத் தட்டல்தான் என்று அதற்கு எப்படித் தெரியும்?

செல்வராஜை அழைத்துவர ஆள் ஓடியது. வந்தவர் முதலில் வாசல் பெட்டியிலிருந்து தன் போனை எடுத்தார். அது சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடந்தது. மனைவி எத்தனை முறை அழைத்தாரோ, ஒன்றுகூட அதற்குள் வந்து சேரவில்லை. நான் என் போனிலிருந்து கலாமணியின் எண்ணுக்கு வீடியோ அழைப்பு போட்டேன். உடனே எடுத்தார். வியர்த்த முகம். தலைக்குப் பின்னால் பச்சைத் திரைச்சீலை, சலைன் மாட்டும் கம்பி. ஆஸ்பத்திரி என்று பார்த்ததுமே தெரிந்தது. என் முகத்தைப் பார்த்துத் திகைத்தவர், பின்னால் எட்டிப் பார்த்த கணவரைக் கண்டதும் ஒரு கையை வேகமாக அசைக்கத் தொடங்கினார்.

படம் உறைந்துவிட்டது.

அந்தத் தொழிற்சாலை தகரக் கொட்டகை. செல்போன் சிக்னல் எப்போதும் திண்டாட்டம். நம் பேச்சு என்றால் நடுவில் ஒன்றிரண்டு சொல் விட்டுப்போனாலும் ஊகித்துக்கொள்ளலாம். கையே பேச்சாக இருப்பவர்களுக்கு அது முடியாது. கலாமணியின் கை பாதி வாக்கியத்தில் காற்றில் நின்றது. செல்வராஜ் என் போனை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். கை விடுபட்டு இரண்டு அசைவு வந்தது, மறுபடி நின்றது. அவருடைய ஒரு கையில் போன் இருந்ததால் அவராலும் பாதிதான் பேச முடிந்தது.

மீட்டிங் அறையில் நல்ல இணைப்பு, பெரிய திரை, முழு உடம்பும் தெரிகிற கேமரா எல்லாம் தயாராக இருந்தன, வெளிநாட்டு வியாபாரிக்காக. நான் தங்கவேலைப் பார்த்தேன். பல மாதமாக அவர் எதிர்பார்த்திருந்த அழைப்பு அது. அவர் என்னைப் பார்க்கவில்லை. செல்வராஜின் கையில் இருந்த உறைந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள கூட்டிட்டு வாங்க மேடம்" என்றார். "அந்தப் பெரிய ஸ்க்ரீன்ல போடுங்க."

"பார்ட்டி லைனுக்கு வந்துட்டா சார்?"

"நான் பேசிக்கிறேனுங்க. நீங்க போடுங்க."

கலாமணியின் போனுக்கு ஒரு லிங்க் அனுப்பினேன். அவர் தொட்டதும் சுவரளவு திரையில் வந்துவிட்டார். செல்வராஜ் கேமராவுக்கு முன்னால் நின்றார். அதன் பிறகு நான் பார்த்ததை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அந்த அறையில் ஓர் ஓசை இல்லை. ஆனால் அவ்வளவு வேகமான பேச்சை நான் என் வாழ்நாளில் எந்த லைனிலும் கேட்டதில்லை. கலாமணி வயிற்றின் வலப்பக்கத்தைக் காட்டினார். கையில் ஊசி ஏறுவதுபோல் காட்டினார், வேண்டாம் வேண்டாம் என்றார், முகத்தைச் சுற்றிக் கையை விரித்துக் காட்டினார், கழுத்தைப் பிடித்துக்கொண்டார். செல்வராஜின் முகம் வெளுத்தது. மேஜையில் கிடந்த வெள்ளைத்தாளை இழுத்துப் பெரிய எழுத்தில் எழுதிக் கேமராவுக்கு முன்னால் பிடித்தார்.

'பெனிசிலின் ஊசி இவளுக்கு ஆகாது. முன்பு போட்டபோது முகம் வீங்கி மூச்சு அடைத்தது.'

திரையில் கலாமணியின் பக்கத்தில் ஒரு பெண் டாக்டர் குனிந்து அதைப் படிப்பது தெரிந்தது. படித்ததும் கையை உயர்த்தி நர்ஸை நிறுத்தினார்.

ஆஸ்பத்திரிக்காரர்கள் மேல் ஒரு தவறும் இல்லை. பக்கத்து வீட்டு அம்மா ஆட்டோவில் கூட்டிவந்து சேர்த்துவிட்டு, பள்ளி விட்டு வரும் குழந்தையைப் பார்க்கத் திரும்பிப் போயிருந்தார். கலாமணி அதிகம் படிக்காதவர்; வலியில் எழுதிக் காட்டவும் முடியவில்லை. குடல்வால் எந்த நேரமும் வெடித்துவிடலாம் என்ற நிலையில், அறுவைக்கு முன் மருந்து ஏற்ற வந்தால் கையை இழுத்து இழுத்துக் கொள்கிறார். ஊசிக்குப் பயப்படுகிறார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஒரு வகையில் அவர் பயந்ததும் ஊசிக்குத்தான்.

"இவங்க வீட்டுக்காரருங்களா?" என்று டாக்டர் கேட்டார். "எனக்கு இன்னுஞ் சில விஷயம் தெரியணும். நான் பேசறது அவருக்குக் கேக்காதுல்லீங்க?"

நான் பதில் சொல்வதற்குள், எங்களோடு உள்ளே வந்திருந்த நிவேதா சுவரில் இருந்த வெள்ளைப் பலகைக்குப் போய்விட்டாள். டாக்டர் கேட்பதை அவள் பலகையில் எழுதினாள். செல்வராஜ் படித்தார். மனைவியிடம் கையால் கேட்டார். அவர் கையால் சொன்னார். செல்வராஜ் தாளில் எழுதிக் கேமராவுக்குக் காட்டினார். கடைசியாக எப்போது சாப்பிட்டார், வலி எப்போது தொடங்கியது, கர்ப்பமாக இருக்க வாய்ப்புண்டா, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார். ஒவ்வொரு கேள்வியும் வாயிலிருந்து பலகைக்கும், பலகையிலிருந்து கைக்கும், கையிலிருந்து தாளுக்குமாகச் சுற்றி வந்தது. முதலில் தடுமாறிய நிவேதா சீக்கிரமே பழகிவிட்டாள். டாக்டர் வாக்கியத்தை முடிப்பதற்கு முன்பே எழுதத் தொடங்கினாள்.

நடுவில் தங்கவேலின் செல்போன் ஒலித்தது. அவர் கதவுக்கு வெளியே போய்ப் பேசினார். தயங்கித் தயங்கி அவர் பேசிய ஆங்கிலம் எனக்குக் கேட்டது. எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கு ஆபரேஷன் நடக்கப்போகிறது, இன்றைக்குப் பேச முடியாது, மன்னிக்க வேண்டும் என்றார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ தெரியவில்லை. திரும்பி உள்ளே வந்து ஒரு மூலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

டாக்டர் கடைசியாக ஒன்று சொன்னார். "வேற மருந்துதான் குடுக்கப்போறோம். பயப்பட வேண்டாம்னு அவங்களுக்குச் சொல்லச் சொல்லுங்க."

நிவேதா எழுதினாள். செல்வராஜ் அதை மனைவியிடம் சொன்னார். நீளமாகச் சொன்னார். டாக்டர் சொன்னதைவிட அதிகமாகத்தான் இருக்கும். கலாமணி கேட்டுக்கொண்டே இருந்தார், அதாவது பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தானாகவே கையை நர்ஸிடம் நீட்டினார். ஸ்ட்ரெச்சர் நகர்ந்தபோது யாரோ போனை வாங்கிக்கொண்டார்கள்; திரையில் கூரையும் விளக்குகளும் ஓடின. செல்வராஜ் அதையே பார்த்தபடி கையை அசைத்துக்கொண்டிருந்தார். தங்கவேல் வந்து அவர் தோளைத் தொட்டார். "வா சாமி, போலாம்" என்றார், அவருக்குக் கேட்காது என்பதை மறந்து. தன் காரிலேயே உக்கடத்துக்கு அழைத்துப் போனார்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. குடல்வால் வெடிக்கும் தறுவாயில் இருந்ததாகவும், அந்த மருந்தைப் போட்டிருந்தால் அதைவிடப் பெரிய ஆபத்தாகியிருக்கும் என்றும் டாக்டர் சொன்னதாகத் தங்கவேல் மறுநாள் என்னிடம் சொன்னார். வெளிநாட்டு வியாபாரி என்ன ஆனார் என்று கேட்டேன். "அது போச்சுங்க. வேற ஆளைப் பாத்துட்டாங்களாம்" என்றார். வருத்தமில்லாமல் சொன்னார் என்று பொய் சொல்ல மாட்டேன். வருத்தம் இருந்தது. ஆனால் அன்று செய்ததை மாற்றிச் செய்திருக்கலாம் என்ற எண்ணம் அதில் இல்லை.

வடிகட்டியை நான் மறுபடி இயக்கவில்லை. நிவேதாவுக்கு மோட்டார் இரைச்சல் திரும்பி வந்தது. அன்று மாலை ஒரு சர்வீஸ் மெக்கானிக் கூப்பிட்டு, "ஏனுங்க, இப்பத்தானுங்க போன் சரியாச்சு. தோட்டத்துக்காரர் போனை மோட்டார்கிட்டப் புடிப்பாரு, அந்தச் சத்தத்தை வெச்சுத்தான் பேரிங் கெட்டிருக்கா வைண்டிங் கெட்டிருக்கான்னு நான் கண்டுபுடிப்பேன். காலையில இருந்து ஒண்ணுமே கேக்கலீங்க" என்றார். நமக்கு இரைச்சலாக இருப்பது யாருக்கு எந்தச் செய்தியோ. ஓர் இடத்தில் எதை வடிகட்டலாம், எதை வடிகட்டக் கூடாது என்பதை அந்த இடத்தில் இருப்பவர்களிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். கருவியோடு வருகிற வசதி என்பதால் இயக்கிவிடாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த அழைப்புகள் வந்தபோது இணையம் அறுந்திருந்தாலோ, மின்சாரம் போயிருந்தாலோ இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். நான் விற்ற பொருளின் பலவீனம் எனக்குத் தெரியும். அதனால் அதற்குப் பிறகு எந்த இடத்திலும் பேட்டரி இல்லாமல், மாற்று இணைப்பு ஒன்று இல்லாமல் வேலையை முடித்துக் கையெழுத்து வாங்கியதில்லை. விற்பனைப் பிரிவில் இருப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

பழைய இணைப்புக்கு மாறும்படி வாடிக்கையாளரே சொன்னார், நான் மாறவில்லை. எப்போதும் அப்படி மறுக்கச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் கோபப்படும்போது அவர் கேட்பதைச் செய்துவிட்டால் நமக்கு நிம்மதி கிடைக்கும். ஆனால் அந்த நிம்மதிக்காக எதை அறுக்கப் போகிறோம் என்று சுவிட்சில் கை வைத்தபடியே ஒருகணம் யோசிக்க வேண்டும். லைனில் யாராவது இருக்கிறார்களா என்று பாருங்கள். இருந்தால், அவர் என்ன சொல்கிறார் என்று முதலில் கேளுங்கள்.

பிறகு தங்கவேல் என்னைக் கூப்பிட்டு, சி.என்.சி. பிரிவில் ஒரு வீடியோ போன் மாட்டச் சொன்னார். இயந்திரங்களிலிருந்து தள்ளி, மஞ்சள் கோட்டுக்கு வெளியே, சுவரில். அழைப்பு வந்தால் மணியோடு ஒரு விளக்கும் எரிய வேண்டும் என்றார். செல்வராஜுக்கென்று தனி எண் கொடுத்தோம். ஆபீஸில் எல்லோருக்கும் இருப்பதுபோல ஓர் எண். நாம் ஹலோ என்று சொல்லத் தொடங்கி எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. வேலையிடத்தில் தொலைபேசி என்ற ஒன்று செல்வராஜுக்கு வந்து சேர்ந்தது அன்றைக்குத்தான். செலவு குறையும், ஊர் மாறினாலும் எண் மாறாது என்றெல்லாம் வாடிக்கையாளரிடம் சொல்லும்போது, இதையும் நினைத்துக்கொள்ளுங்கள். யாருக்கு இதுவரை போனே இல்லை என்று அந்தக் கட்டடத்துக்குள் ஒருமுறை சுற்றிப் பாருங்கள்.

சில மாதங்கள் கழித்து பராமரிப்பு வேலைக்காக அங்கே போயிருந்தேன். சி.என்.சி. பிரிவுக்குள் நுழைந்தபோது சுவரில் வீடியோ போனின் திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. செல்வராஜ் இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் திரைக்கு முன்னால் நின்றிருந்தார். திரையில் கலாமணி, முழுதாகத் தேறிய முகத்தோடு. இருவர் கைகளும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. மறுபடியும் ஏதோ ஆபத்து என்று நினைத்து, பக்கத்தில் இருந்த சூப்பர்வைசரிடம் என்ன ஆச்சு என்று கேட்டேன். இதற்குள் அவரும் கொஞ்சம் சைகை கற்றுக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்லீங்க மேடம். ஊட்டுக்கு அந்தம்மா அண்ணனும் அண்ணியும் வாராங்களாம். வரும்போது கறி எடுத்துட்டு வரச் சொல்லுது. இவரு, போன தடவை அவங்க வந்துட்டு என்ன பேசிப்போட்டுப் போனாங்கன்னு ஞாபகமில்லையா, காய்கறி போதும்ங்கறாரு. அரை மணி நேரமா ஓடிட்டு இருக்குதுங்க. நானும் வேலையப் பாருன்னு சொல்லிட்டேன், எங்க கேக்கறாரு."

செல்வராஜ் என்னைப் பார்த்துவிட்டார். முகம் மலர்ந்து ஒரு கும்பிடு போட்டார். பிறகு, ஒரு நிமிடம் என்று எனக்கு விரலைக் காட்டிவிட்டு, திரையின் பக்கம் திரும்பிச் சண்டையைத் தொடர்ந்தார்.